மேடைக்கு எதிர்வெயில்

ஜனவரி 9, செவ்வாய்

இன்று முழுவதும் ஆட்களைக் காயப்படுத்திக்கொண்டிருந்தேன். பிப்ரவரி ஒத்திகைக்கு அறுபது பேர் வேண்டும். யார் கழுத்தில் எந்த அட்டை என்று நான்தான் எழுத வேண்டும். பச்சை என்றால் தானே நடந்து வருவார். மஞ்சள் என்றால் தூக்க வேண்டும். சிவப்பு என்றால் ஓடிப்போய்த் தூக்க வேண்டும். கறுப்பு என்றால் செத்தவர், கடைசிவரை யாரும் தொடக்கூடாது.

மனிதர் கையால் வரக்கூடிய அழிவு எதுவானாலும் சரி, அணையோ ஆலையோ எண்ணெய்க் கப்பலோ, அதற்கு முன்கூட்டியே திட்டம் எழுதி வைப்பது எங்கள் துறை. திட்டம் எழுதுகிறவர்கள் மூன்றாவது மாடியில் குளிர்ந்த அறையில் இருக்கிறார்கள். அதை நடித்துக் காட்டும் எங்கள் பிரிவு கீழ்த்தளத்தில், கழிப்பறைக்கு அடுத்த கதவு. பதினாறு வருடமாக இந்த நாற்றத்தில் உட்கார்ந்துதான் நாட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன்.

இயக்குநர் வந்து பட்டியலைப் பார்த்தார். அலுவலகம் அவரை இஸ்திரி என்றுதான் சொல்லும். சாயங்காலம் ஐந்து மணிக்கும் சட்டையில் ஒரு சுருக்கம் இருக்காது.

"சாவு ஒம்பது போட்டிருக்கீங்களே மேடம். போன வருஷம் ஏழுதானே. முன்னேற்றம் தெரிய வேண்டாமா?"

நாலாகக் குறைத்தேன். ஒரே கோட்டில் ஐந்து பேரைப் பிழைக்க வைத்தாயிற்று. அந்த நாலில் ஒன்று வழக்கம்போல என் நாத்தனாருக்கு.

ஜனவரி 13, சனி

நாத்தனாரிடம் போய்ச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து வாங்கி வந்தேன். இவருடைய ஒரே தங்கை. உர ஆலையின் தெற்கு மதிலை ஒட்டி ஓடும் தெருவில் கீழே தையல் கடை, மேலே வீடு. தெருவின் கிழக்குக் கோடியில் பள்ளி மைதானம். மேற்குக் கோடியில் ரயில் சரக்குக் கொட்டகை. சரியாக நடுவில் இவள் கடை. மதிலுக்கு அந்தப் பக்கம் அமோனியாத் தொட்டி. வெள்ளை வெளேர் என்று உருண்டையாக, பார்ப்பதற்குப் பரம சாதுவாக நிற்கும்.

எட்டு வருடமாக இவள் என்னிடம் நேராகப் பேசியதில்லை. குத்தித்தான் பேசுவாள். காரணம் இல்லாமல் இல்லை. அவள் கணவர் மாரடைப்பில் போன அன்று எனக்கு வேறு ஊரில் ஒத்திகை. அணை உடைந்ததாக. அதை விட்டுவிட்டு வந்திருக்கலாம். வரவில்லை. முடித்துவிட்டு வந்தபோது இங்கே எல்லாம் முடிந்திருந்தது. வாசலில் வைத்தே கேட்டாள்: "பொய்ச் சாவையெல்லாம் நல்லபடியா முடிச்சீங்களா அண்ணி?"

அடுத்த வருடமே தன் தெரு ஒத்திகைக்குப் பெயர் கொடுத்தாள். கறுப்பு அட்டைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கினாள். ஏழு வருடமாக அதேதான். "என் சாவுக்காவது எங்க அண்ணி நேரத்துக்கு வராங்களான்னு பாக்கிறேன்" என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

இன்று கையெழுத்துப் போட்டுவிட்டு, "இந்தத் தடவை நிழல்ல படுக்க வைங்க. போன வருஷம் தார் ரோடு முதுகைப் பொரிச்சிடுச்சு" என்றாள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிப்ரவரி 15, வியாழன்

ஒத்திகை முடிந்தது. கால் இரண்டும் வீங்கிவிட்டன.

மூன்று மணிக்கு சைரன். உடனே அறிவிப்பு வண்டி கிளம்பியது. அதில் ஓடுவது என் குரல். ஆறு வருடத்துக்கு முன்னால் பதிவு செய்தது; பிரிவில் என் உச்சரிப்புதான் தெளிவு என்று என்னைப் பேச வைத்தார்கள். 'பதற்றப்பட வேண்டாம். அனைவரும் பள்ளி மைதானத்துக்கு வந்து சேரவும்.' மைதானத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் மூன்று நீள விசில் ஊதி ஆட்களை வரிசைப்படுத்தினார். தெருவுக்கே அவர் விசில் வாத்தியார். வருடத்தில் ஒருநாள் ஊதும் அந்த மூன்று விசிலுக்காக ஒரு மாதம் மூச்சுப் பயிற்சி செய்வாராம், மனைவி சொல்லிச் சிரித்தார்.

இந்த வருடம் இஸ்திரியின் புது யோசனை, நிறப் புகை. தொட்டிக்குப் பக்கத்தில் நாலு புகைக் குப்பிகளைப் பற்ற வைத்தால் படத்துக்கு நன்றாக இருக்கும் என்றார். ஆரஞ்சு நிறத்தில் குபுகுபுவென்று எழுந்தது. மக்கள் கிழக்கே நடந்தார்கள். புகையும் கிழக்கே நடந்தது. அவர்களுக்குப் பின்னாலேயே, அதே வேகத்தில், மைதானத்துக்குள் நுழைந்து அமைச்சரின் மேடையைச் சுற்றிக்கொண்டது. அமைச்சர் இருமினார். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே நம் நாட்டின் தயார்நிலையைப் பாராட்டினார்.

மதிப்பீட்டுக் குழு நூற்றுக்குத் தொண்ணூற்றாறு போட்டிருக்கிறது. குறைந்த நாலும் புகைக்காக.

பிப்ரவரி 16, வெள்ளி

இஸ்திரி கூட்டம் போட்டார். முடிவு: அடுத்த வருடத்திலிருந்து புகை கிடையாது.

அவ்வளவுதான். வேறு ஒருவரும் வேறு எதுவும் சொல்லவில்லை. நானும் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

மதியம் நாத்தனார் போன் செய்தாள். அவளாகச் செய்வதே அதிசயம். "அண்ணி, செத்தவளுக்கு மல்லாந்து படுக்கிறதைத் தவிர வேற வேலை இல்ல. ஏழு வருஷமா வானத்தைத்தான் பாத்துக்கிட்டுக் கிடக்கிறேன். நேத்து அந்தப் புகை எங்க போச்சுன்னு பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"அது நிஜமான காஸா இருந்தா?"

மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டேன். மீட்டிங் எதுவும் இல்லை.

பிப்ரவரி 20, செவ்வாய்

பதிவறையிலிருந்து பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால்வரை ஒன்றுகூடும் இடம் மேற்கே, சரக்குக் கொட்டகையில் இருந்தது. கொட்டகைக்குப் பின்னால் தண்டவாளம் என்பதால் மேடையைத் தெருப்பக்கம் வைத்து மேற்கே பார்த்துத்தான் போட முடியும். மாலை வெயில் நேராக முகத்தில் அடித்து, அப்போதைய அமைச்சர் எல்லாப் பத்திரிகைப் படத்திலும் வேப்பெண்ணெய் குடித்தவர் மாதிரி இருந்தார். எங்களுக்கு அர்ச்சனை நடந்தது. மறு வருடம் குறிப்புத் தாளில் ஒரு யோசனை. பச்சை மை. என் கையெழுத்து.

'மேடைக்கு எதிர்வெயில். ஒன்றுகூடும் இடத்தைக் கிழக்கே பள்ளி மைதானத்துக்கு மாற்றினால் மேடையைக் கிழக்கு பார்த்துப் போடலாம்.'

கீழே இஸ்திரி, அன்று துணை இயக்குநர், 'சிறந்த யோசனை' என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறார். அந்த வருடம்தான் எனக்குப் பதவி உயர்வு. வீட்டுக்கு வந்து இவரிடம் பெருமையடித்துக்கொண்டது நினைவிருக்கிறது.

ஆலைக்குள் வானிலைப் பதிவேடு உண்டு. கேட்டு வாங்கினேன். பிப்ரவரி முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் மேற்கிலிருந்து காற்று. தொட்டியைத் தாண்டி வந்து நேராக மைதானத்தில் இறங்கும். ஒன்பது வருடமாக ஒரு தெருவையே விஷம் போகிற பக்கமாக ஓடப் பழக்கியிருக்கிறேன். அதுவும் வரிசையாக.

மார்ச் 4, திங்கள்

இடத்தை மாற்றச் சொல்லி நாலு பக்கத்தில் குறிப்பு வைத்தேன். ஒரே இடம் என்று வைக்கவே கூடாது, இரண்டு கோடியிலும் இடம் வேண்டும், காற்றைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினேன். இஸ்திரி கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். டீ வரவழைத்தார். டீ வந்தால் கோப்பு செத்தது என்று அர்த்தம்.

"மேடம், இந்த ஒத்திகையை நாட்டுக்கே முன்மாதிரின்னு விருதுக்கு அனுப்பியிருக்கோம். இப்பப் போய் இடமே தப்புன்னு சொன்னா எப்படி? திட்டத்தோட அடுத்த திருத்தம் மூணு வருஷம் கழிச்சு வருது. அப்பப் பாக்கலாம்."

"அதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா சார்?"

"ஆகக்கூடாதுன்னுதானே நாம இருக்கோம்."

இந்த மனிதரை என்ன செய்வது? டீயைக் குடித்துவிட்டு வந்தேன், வெட்கமில்லாமல்.

மார்ச் 21, வியாழன்

சரி, காற்றுப்பையாவது கேட்போம் என்று கேட்டேன். விமான நிலையத்தில் கம்பத்தில் கட்டியிருப்பார்களே, அந்தத் துணிக்குழாய். வால் எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம் போகக்கூடாது; அவ்வளவுதான் பாடம். கொள்முதல் பிரிவு பதில் அனுப்பியிருக்கிறது: அப்படி ஒரு பொருள் பட்டியலில் இல்லை. பட்டியலில் சேர்க்க ஒரு குழு அமைக்க வேண்டும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

இவரோடு நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவர் மாடியில் ஃபேனைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளர், ஆனால் கையில் ஸ்க்ரூடிரைவர் கிடைத்தால் நேரம் போவதே தெரியாது. கீழே நாங்கள் இருவரும் மட்டும். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை மைக் குறிப்பு உட்பட. ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அலுவலகத்தில் சொல்ல ஆள் இல்லை.

கத்துவாள் என்று நினைத்தேன். மெஷினை மிதிப்பதை நிறுத்தினாள். "ஒரு ஆள் கண்ணு கூசுதுன்னு எங்களையெல்லாம் அந்தப் பக்கம் திருப்பி விட்டீங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

"உங்களையெல்லாம் என்ன சொல்லித் திட்டுறதுன்னே தெரியல அண்ணி."

பிறகு அந்தத் துணிக்குழாய் எவ்வளவு நீளம், வாய் எவ்வளவு அகலம் என்று கேட்டாள். மீந்துபோன ஆரஞ்சுத் திரைச்சீலைத் துணியை எடுத்தாள், வளையத்துக்குப் பழைய வாளியின் கம்பியை வளைத்தாள். அரை மணி நேரம். மாடியில் துணி உலர்த்தும் கம்பத்தில் கட்டினாள். காற்று வந்து அதை நிரப்பியது. வால் கிழக்கே, மைதானத்தைக் காட்டியது.

எங்கள் குழு இன்னும் அமைக்கப்படவில்லை.

ஏப்ரல் 19, வெள்ளி

காற்றுப்பையைக் கழற்றிவிட்டார்களாம். தொட்டியைப் பார்த்தாற்போல் கொடி கட்டியிருப்பது மக்களிடையே பீதி உண்டாக்குகிறது என்று ஆலை புகார் கொடுக்க, நகராட்சி ஆள் ஏணியோடு வந்திருக்கிறான். "கழட்டிட்டுப் போகட்டும். துணியா இல்ல எனக்கு?" என்கிறாள். சாயங்காலமே இன்னொன்று கட்டிவிட்டாள். தெருவில் வருவோர் போவோரை நிறுத்திவைத்து வாலைக் காட்டிப் பாடம் வேறு நடக்கிறது. பாதிப் பேர் கேட்கிறார்கள். மீதிப் பேர் சிரிக்கிறார்கள். விசில் வாத்தியார் மட்டும், "அரசாங்கம் சொல்லாம நாமளா ஒண்ணு செய்யக்கூடாதும்மா. குழப்பம் வந்துடும்" என்றாராம்.

மே 14, செவ்வாய்

கோப்பு நகரவில்லை. நானும் மறுபடி கேட்கவில்லை.

ஜூன் 6, வியாழன்

நடந்துவிட்டது.

காலை எட்டு பத்துக்குத் தொட்டி வால்வு உடைந்தது. நான் பஸ்ஸில் இருந்தேன். இவர் போன் செய்து சொன்னார். இறங்கி ஓடினேன். எங்கே ஓடுகிறேன், கிழக்கா மேற்கா, ஐயோ, எனக்கே தெரியல. பாலத்துக்கு மேலிருந்து வெள்ளையா ஒரு படலம் தெரிஞ்சுது. தரையோட தரையா. மைதானத்துப் பக்கம். கண்ணு எரிஞ்சுது, அவ்வளவு தூரத்துல.

வண்டி ஓடிக்கிட்டிருந்தது. கேட்டுச்சு. 'பதற்றப்பட வேண்டாம். அனைவரும் பள்ளி மைதானத்துக்கு—' நான்தான். நானேதான் கூப்பிடறேன். நிறுத்துங்கடான்னு கத்தினேன். யாருக்குக் கேக்கும்? என் குரலை விட என் குரல் சத்தமா இருந்துச்சு.

நாத்தனார் உயிரோடு இருக்கிறாள். அதை மட்டும் எழுதிவிட்டு மூடுகிறேன்.

ஜூன் 8, சனி

பதினாலு பேர். எல்லோரும் மைதானத்தில்.

விசில் வாத்தியாரும். பள்ளி திறக்க நாலு நாள்தான் இருந்தது, ஓடுதளத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட வந்திருக்கிறார். பிள்ளைகள் இல்லை, அந்த மட்டும். வண்டியின் அறிவிப்பைக் கேட்டதும் கோடு போடுவதை விட்டுவிட்டு வாசலில் நின்று மூன்று நீள விசில் ஊதியிருக்கிறார். இருமி இருமி மறுபடி ஊதியிருக்கிறார். ஆட்களை வரிசையில் நிற்க வைத்திருக்கிறார். பயிற்சி கொடுத்தபடி. நான் கொடுத்த பயிற்சிப்படி.

ஆஸ்பத்திரியில் நாத்தனாரைப் பார்த்தேன். தொண்டை புண். சைரன் கேட்டதும் மாடிக்கு ஓடி வாலைப் பார்த்திருக்கிறாள். தெருவில் இறங்கி 'மேற்கே வாங்க, மேற்கே வாங்க' என்று கத்திக்கொண்டே நடந்திருக்கிறாள். நாற்பத்துமூன்று பேர் அவளோடு கொட்டகைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. தெருமுனைப் போலீஸ்காரர் கையை விரித்து மறித்தாராம். கடைசியாக வந்த கிழவரை இழுத்துக்கொண்டு வரும்போது துணி அளக்கும் இரும்புக்கோலால் போலீஸ்காரர் கையில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுத்தான் தாண்டியிருக்கிறாள்.

என் கையைப் பிடித்துக்கொள்ள நான் நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை.

"அந்த வண்டில உங்க குரல்தான் அண்ணி வந்துச்சு. ரொம்பத் தெளிவா இருந்துச்சு."

ஜூன் 10, திங்கள்

அமைச்சர் அறிக்கை: 'தொடர்ந்து நடத்தப்பட்ட ஒத்திகைகளின் காரணமாகவே உயிர்ச்சேதம் பெருமளவு தவிர்க்கப்பட்டது.' எழுதிக் கொடுத்தது இஸ்திரி. எனக்கு அவர் நடை தெரியும். 'பெருமளவு' இல்லாமல் அவருக்கு ஒரு வரி முடியாது.

வாந்தி வந்தது. கழிப்பறை பக்கத்துக் கதவு என்பது முதல் தடவையாக வசதியாக இருந்தது.

ஜூன் 19, புதன்

நாத்தனார் மேல் வழக்கு. வதந்தி பரப்பினாள், அரசு ஊழியரைத் தாக்கினாள், மக்களை எதிர்த் திசையில் இழுத்து நெரிசல் உண்டாக்கினாள், அதனால்தான் மைதானத்துக்கு மீட்பு வண்டி போகத் தாமதமானது, அதனால்தான் பதினாலு பேர். பத்திரிகையில் படமும் போட்டிருக்கிறார்கள். ஒத்திகையில் கறுப்பு அட்டையோடு படுத்துக்கொண்டு சிரிக்கிற படம். எங்கள் பிரிவின் ஆல்பத்திலிருந்துதான் போயிருக்கிறது.

தெருவில் அவள் கடைக் கதவில் யாரோ 'கொலைகாரி' என்று எழுதியிருக்கிறார்கள். இறந்தவர்களின் வீட்டுக்காரர்களாக இருக்கும். அவர்களை என்ன சொல்ல முடியும்? அரசாங்கம் சொன்னதை நம்பித்தானே இவர்களும் திட்டுகிறார்கள்.

இவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஜூன் 27, வியாழன்

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரணைக் குழு. மைதானம் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற கோப்பைக் கேட்டிருக்கிறார்கள். இஸ்திரி கீழ்த்தளத்துக்கு அவரே இறங்கி வந்தார். பதினாறு வருடத்தில் இரண்டாவது தடவை. மூக்கைச் சுளித்துக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"கோப்பு உங்ககிட்டதான் இருக்குன்னு பதிவறையில சொன்னாங்க. அனுப்பிடுங்க. அந்த ஒரு பக்கம் மட்டும் இல்லாட்டி நல்லது. பழைய காகிதம், கரையான் அரிக்கிறது சகஜம்."

"என் நாத்தனார் மேல கேஸ் போட்டிருக்காங்க சார்."

"தெரியும். ரொம்ப வருத்தம். ஆனா யோசிச்சுப் பாருங்க மேடம், அந்தப் பக்கத்துல யோசனைன்னு எழுதினது யாரு? என் கையெழுத்து கீழதானே இருக்கு. மேல இருக்கிறது யாரோடது?"

சட்டையில் அப்போதும் ஒரு சுருக்கம் இல்லை. அந்தக் காலரைப் பிடித்துக் கசக்க வேண்டும் என்று கை துறுதுறுத்தது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 30, ஞாயிறு

கோப்பு நாலு நாளாக என் பையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைக் கிழிக்க மூன்று விநாடி போதும். கிழித்தால் நாத்தனார் ஜெயிலுக்குப் போவாள். கிழிக்காவிட்டால் பதினாலு பேரும் என் பெயரில். வேலை போகும், வழக்கு என் மேல் திரும்பும், விசில் வாத்தியார் மனைவி என் முகத்தைப் பார்ப்பார்.

கிழிக்க நினைத்தேனா? நினைத்தேன். மறைப்பதற்கு இங்கே யார் இருக்கிறார்கள்.

இவரிடம் கேட்டேன், என்ன செய்யட்டும் என்று.

"உன் இஷ்டம்."

"உங்க தங்கச்சிங்க!"

"அதனாலதான் உன் இஷ்டம்னு சொல்றேன். நான் ஒரு வார்த்தை சொன்னா அப்புறம் ஆயுசுக்கும் நீ என்னைத்தான் சொல்லுவ."

கோபம் தலைக்கேறியது. டம்ளரைத் தூக்கி அடித்தேன். அவர் எழுந்துபோய்த் துடைப்பம் எடுத்துவந்து கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் இந்த மனிதர் மேல் இவ்வளவு வெறுப்பும் இவ்வளவு மரியாதையும் ஒரே நாளில் வந்ததில்லை.

ஜூலை 9, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார். இது யார் கையெழுத்து என்று கேட்டார். என்னுடையது என்றேன். ஒன்றுகூடும் இடத்தை எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றார்.

"வெயிலைப் பாத்து."

"காற்று?"

"யாரும் கேக்கல. நானும் கேக்கல."

பின்வரிசையில் விசில் வாத்தியாரின் மனைவி இருந்தார். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது மன்னிப்புக் கேட்கப் பக்கத்தில் போனேன். "தள்ளி நில்லுங்க" என்றார். தள்ளி நின்றேன்.

ஜூலை 31, புதன்

நாத்தனார் மேலிருந்த வழக்கு வாபஸ். நான் தற்காலிக நீக்கம், விசாரணை தொடரும். இஸ்திரியை மாற்றிவிட்டார்கள் என்று நண்பர்கள் சந்தோஷமாகப் போன் செய்தார்கள். எங்கே மாற்றினார்கள் என்று கேட்டேன். நாடு முழுவதற்கும் புதுத் திட்டம் எழுதும் குழுவுக்கு. தலைவராக.

சிரித்தேன். இவர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார்.

நவம்பர் 17, ஞாயிறு

நாத்தனார் போன். "வியாழக்கிழமை புது ஒத்திகையாம். அட்டை மாட்டிக்கத் தெருவுல ஒருத்தரும் பேர் கொடுக்க மாட்டேங்கிறாங்க. சாவுக்கு ஆள் குறையுது. வீட்ல சும்மாதானே இருக்கீங்க, வந்து படுங்க."

இது அழைப்பா, தண்டனையா? கேட்கவில்லை. வருகிறேன் என்றேன்.

நவம்பர் 21, வியாழன்

ஒத்திகை இந்த முறை காலை ஒன்பது மணிக்கு. ஒன்றுகூடும் இடம் மறுபடி சரக்குக் கொட்டகை. 'ஒரே நிரந்தர இடம், குழப்பத்துக்கு இடமில்லை' என்று துண்டறிக்கை. காலையில் மேற்கே பார்த்தால் கண் கூசாது. எல்லாவற்றையும் யோசித்திருக்கிறார்கள்.

என் கழுத்தில் கறுப்பு அட்டையை நாத்தனார்தான் மாட்டினாள். பக்கத்தில் அவளும் படுத்தாள். எட்டு வருடத்தில் இவ்வளவு பக்கத்தில் நாங்கள் இருந்ததில்லை. தார் குளிர்ந்திருந்தது.

சைரன். அறிவிப்பு வண்டி வந்தது. 'பதற்றப்பட வேண்டாம். அனைவரும்' வரை என் குரல். 'ரயில் சரக்குக் கொட்டகைக்கு' என்று மட்டும் யாரோ ஓர் ஆண். 'வந்து சேரவும்' என்று மறுபடி நான். அந்த ஓர் இடத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அதுதான் ஐந்து மாதத்து வேலை.

"உங்க குரலை இன்னும் விடல பாத்தீங்களா" என்றாள் வாயை அசைக்காமல்.

மல்லாந்து கிடந்தால் வானத்தைத் தவிர பார்க்க வேறு இல்லை. அவள் வீட்டுக் கம்பத்தில் ஆரஞ்சுக் காற்றுப்பை நிரம்பியிருந்தது. நவம்பரில் காற்று திரும்பிவிடும். பதிவேட்டில் நானே படித்ததுதான். வால் மேற்கே நீண்டிருந்தது, கொட்டகையைக் காட்டியபடி. பிழைத்த நாற்பத்துமூன்று பேரில் பாதிப் பேர் அந்தப் பக்கம்தான் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு மேற்கு என்றால் உயிர்.

எழுந்தேன்.

"அண்ணி, செத்தவங்க எந்திரிக்கக் கூடாது."

"மேல பாரு."

பார்த்தாள். முகம் மாறியது. பிறகு கிழக்குக் கோடியைப் பார்த்தாள். ஜூனுக்குப் பிறகு தெருவில் யாரும் மைதானத்துக்குள் கால் வைத்ததில்லை. வாசல் கம்பியில் விசில் வாத்தியாரின் விசிலை யாரோ கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "அங்கயா?" என்றாள்.

"இன்னைக்கு அங்கதான்."

நடந்தேன். மேடையில் அமைச்சரின் முதுகும், அவருக்குப் பக்கத்தில் ஒரு சுருக்கமும் இல்லாத இன்னொரு முதுகும் தெரிந்தன. இரண்டும் திரும்பவில்லை. ஒரு ஊழியர், "ஏய் கறுப்பு அட்டை, படும்மா!" என்று கத்தினார். நான் நிற்கவில்லை. காற்று நேராக முகத்தில் அடித்தது. நல்ல காற்று.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. முதலில் ஒன்று. பிறகு நிறைய. எத்தனை பேர் என்று திரும்பிப் பார்க்கவில்லை. மைதான வாசலுக்கு வந்ததும் என் கை நின்றுவிட்டது. கதவைத் தள்ள முடியவில்லை. நாத்தனார் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் சேர்ந்து தள்ளினோம்.